ஆங்கரேஜ் வழியாகப் பறக்கும் சரக்கு

உலகிலேயே அதிகச் சரக்கைக் கையாண்ட விமான நிலையங்கள் எவை என்று 2023ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், முதல் மூன்று இடங்களில் ஹாங்காங், மெம்ஃபிஸ், ஷாங்காய் ஆகியவை இருக்கின்றன. ஹாங்காங் தென்சீனத் தொழிற்சாலைகளுக்கு வாசல். மெம்ஃபிஸ் ஃபெட்எக்ஸ் கூரியர் நிறுவனத்தின் தலைமையிடம். ஷாங்காய் இரண்டு கோடிக்கு மேல் மக்கள் வாழும் பெருநகரம். இவை மூன்றும் முன்னணியில் இருப்பதில் வியக்க ஒன்றுமில்லை. வியப்பு நான்காவது இடத்தில் இருக்கிறது. அந்த இடம் ஆங்கரேஜுக்கு.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், கனடாவுக்கும் அப்பால் தனித்துக் கிடக்கும் அலாஸ்கா மாநிலத்தின் மிகப் பெரிய ஊர் அது. மிகப் பெரிய ஊர் என்றாலும் மக்கள்தொகை மூன்று லட்சத்தை எட்டவில்லை. சொல்லிக்கொள்ளும்படியான தொழிற்சாலைகள் கிடையாது. டிசம்பர் கடைசியில் ஐந்தரை மணி நேரம்தான் பகல். 2025 ஆகஸ்டில் டிரம்பும் புதினும் அங்கே சந்தித்தபோது சில நாட்கள் செய்திகளில் அடிபட்டது அந்த ஊரின் பெயர். அப்படிப்பட்ட ஊரின் விமான நிலையம் 2023இல் கண்ட சரக்கு சுமார் 34 லட்சம் டன்.

அதில் பெரும்பகுதி ஆங்கரேஜ் மக்களுக்காக வந்ததும் இல்லை, அவர்கள் அனுப்பியதும் இல்லை. ஹாங்காங், சோல், தைபே, ஷாங்காய், டோக்கியோ நகரங்களிலிருந்து கிளம்பும் சரக்கு விமானங்கள் அங்கே இறங்குகின்றன. எரிபொருள் நிரப்புகின்றன. பைலட்டுகள் மாறுகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் சிகாகோ, நியூயார்க், லூயிவில், மயாமி என்று மறுபடி பறந்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் சரக்கு பல நேரங்களில் இருந்த இடத்தைவிட்டு அசைவதே இல்லை.

பிறகு எதற்காக இறங்க வேண்டும்? இந்தக் கேள்விக்கான விடையில்தான் ஆசியாவையும் வட அமெரிக்காவையும் இணைக்கும் வான்வழி வணிகத்தின் முழுக் கணக்கும் அடங்கியிருக்கிறது.

உருண்டையில் நூல்

பள்ளிச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் ஹாங்காங்கிலிருந்து சிகாகோவுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், அது பசிபிக் பெருங்கடலின் நடுவே நேராக ஓடும். ஆங்கரேஜ் அந்தக் கோட்டுக்கு வெகுதூரம் மேலே, சம்பந்தமே இல்லாத இடத்தில் இருக்கும். ஆனால் பூமி தட்டை இல்லை. ஒரு கோள உருண்டையை எடுத்து, இரு நகரங்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறி, கிழக்குச் சைபீரியாவைக் கடந்து, அலாஸ்காவுக்குச் சற்று வடக்கே வளைந்து சிகாகோவில் இறங்கும். மிகக் குறைந்த தூரம் அதுதான்.

ஹாங்காங்கிலிருந்து சிகாகோவுக்கு நேர்வழித் தூரம் சுமார் 12,500 கிலோமீட்டர். ஹாங்காங்கிலிருந்து ஆங்கரேஜ் சுமார் 8,150. அங்கிருந்து சிகாகோ சுமார் 4,600. இரண்டையும் கூட்டினால் நேர்வழியைவிட இருநூற்றைம்பது கிலோமீட்டர் அளவுக்குத்தான் கூடுதல். சோல் நகரிலிருந்து ஆங்கரேஜ் ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், டோக்கியோவிலிருந்து ஐந்தாயிரத்து ஐநூறு. ஐரோப்பாவிலுள்ள ஃபிராங்க்ஃபர்ட் ஏழாயிரத்து ஐநூறு. தொழில்வளம் மிக்க உலகின் தொண்ணூறு சதவீதம் தன்னிடமிருந்து ஒன்பதரை மணி நேரப் பறப்புக்குள் இருப்பதாக ஆங்கரேஜ் விமான நிலையம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது.

இந்த இருப்பிடத்தின் மதிப்பைப் போர்த் தளபதிகள்தான் முதலில் கண்டுகொண்டார்கள். அமெரிக்க விமானப்படையின் முன்னோடியான பில்லி மிட்செல், உலகத்திலேயே போர்முறை முக்கியத்துவம் மிக்க இடம் அலாஸ்கா என்று 1935இல் நாடாளுமன்றக் குழுவின் முன் வாதிட்டார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா சோவியத் ஒன்றியத்துக்குக் கொடுத்த போர் விமானங்களில் ஏறத்தாழ எட்டாயிரம் அலாஸ்கா வழியாகத்தான் சைபீரியாவுக்குப் பறந்தன. 1867இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா வாங்கிய நிலம், விமான யுகத்தில் இரு கண்டங்களுக்கும் நடுவழியாகிவிட்டது.

எடைக் கணக்கு

தூரம் கூடவில்லை என்பது சரி. ஆனால் இன்றைய விமானங்கள் நிற்காமலே பறக்குமே, பயணிகள் விமானங்கள் ஹாங்காங்கிலிருந்து நியூயார்க்குக்கு ஒரே மூச்சில் போகின்றனவே என்று கேட்கத் தோன்றும். பயணிகள் எடை குறைவு. சரக்கு எடை அதிகம். இந்த ஒரு வேறுபாடுதான் ஆங்கரேஜை வாழவைக்கிறது.

போயிங் 747-8 சரக்கு விமானத்தை எடுத்துக்கொள்வோம். அது தரையிலிருந்து எழும்பும்போது மொத்த எடை சுமார் 448 டன்னைத் தாண்டக் கூடாது. வெறும் விமானத்தின் எடையே 197 டன் அளவுக்கு வரும். மீதி 250 டன். இதைச் சரக்கும் எரிபொருளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சரக்கை 130 டன் வரை முழுமையாக ஏற்றினால் எரிபொருளுக்கு 120 டன் மட்டுமே மிஞ்சும். அதைக் கொண்டு எட்டாயிரம் கிலோமீட்டர் அளவில் பறக்கலாம். மாறாக, நிற்காமல் நெடுந்தூரம் போக வேண்டும் என்று டாங்கை முழுக்க நிரப்பினால் எரிபொருளே 180 டன். சரக்குக்கு 70 டன்தான் இடம். ஏறக்குறைய பாதிச் சரக்கை ஹாங்காங்கிலேயே விட்டுவிட்டுப் புறப்பட வேண்டியதுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. விமானம் சுமக்கும் எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகிறது. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு வேண்டியதைத் தொடக்கத்திலேயே ஏற்றிக்கொண்டால், கடைசி மூவாயிரம் கிலோமீட்டரில் எரியப்போவதையும் முதல் பத்து மணி நேரம் வீணாகத் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும். நடுவில் இறங்கி நிரப்பினால் அந்த வீண்சுமை இல்லை.

பயணிக்கு நடுவழியில் இரண்டு மணி நேரம் காத்திருப்பது எரிச்சல். டிக்கெட் எடுக்கும்போது நேரடி விமானம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் கைப்பேசிக்கு அந்த எரிச்சல் கிடையாது. சரக்கு அனுப்புபவர் கேட்பதெல்லாம் கிலோவுக்கு எவ்வளவு, எந்த நாளில் போய்ச் சேரும் என்பது மட்டுமே. இரண்டு மணி நேரத் தாமதத்துக்கு ஈடாக இன்னும் அறுபது டன் ஏற்றலாம் என்றால் எந்த விமான நிறுவனமும் இறங்கத்தான் செய்யும். கேத்தே பசிபிக், கொரியன் ஏர், சைனா ஏர்லைன்ஸ், அட்லஸ் ஏர், கலிட்டா, யூபிஎஸ், ஃபெட்எக்ஸ் என்று போட்டி நிறுவனங்களின் விமானங்கள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

தரையில் இரண்டு மணி நேரம்

கடல்மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர்கூட உயராத சமநிலம். மூன்று ஓடுபாதைகள், மிக நீளமானது 3,700 மீட்டருக்கும் மேல். குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருப்பதால் இறக்கைகளுக்குத் தாங்குதிறன் கூடுகிறது. பாரம் நிறைந்த விமானம் எழும்புவதற்கு அது உதவி. இயற்கை தந்த வசதிகள் இவ்வளவே. மீதி எல்லாம் மனித உழைப்பு.

விமானம் நின்றதும் எரிபொருள் குழாய் இணைக்கப்படுகிறது. அந்த எரிபொருள் கடல்வழியாக ஆங்கரேஜ் துறைமுகத்துக்குக் கப்பலில் வருகிறது. தெற்கே நிகிஸ்கி என்ற ஊரிலுள்ள சுத்திகரிப்பு ஆலையிலிருந்து குழாய்ப் பாதை வழியாகவும் வருகிறது. அது வராத நாளில் இந்த வான்வழிக்கே வேலை இல்லை. அமெரிக்க மண்ணில் முதலில் இறங்கும் இடம் என்பதால் சுங்க அதிகாரிகளின் சோதனையும் இங்கேயே நடந்துவிடுகிறது.

குளிர்காலத்தில் இன்னொரு வேலை சேர்ந்துகொள்ளும். இறக்கையின் மேல் படியும் மெல்லிய பனிப்படலமும் ஆபத்தானது. காற்றோட்டத்தைக் கெடுத்து விமானத்தை எழும்ப விடாது. அதனால் உயரத் தூக்கும் வண்டிகளில் ஏறி நின்று, கிளைகால் கலந்த சூடான திரவத்தை இறக்கை முழுவதும் பீய்ச்சியடித்துப் பனியைக் கரைக்கிறார்கள். ஓடுபாதையில் பனி அள்ளும் வண்டிகள் அணிவகுத்து ஓடுகின்றன. 2011-12 குளிர்காலத்தில் ஆங்கரேஜில் மூன்று மீட்டருக்கும் அதிகமான பனி கொட்டியது. பனி அகற்றும் திறமைக்காக இந்த விமான நிலையம் பலமுறை விருது பெற்றிருக்கிறது.

வந்த பைலட்டுகள் இறங்கி ஓட்டலுக்குப் போகிறார்கள். ஓய்வெடுத்த வேறொரு குழு ஏறிக்கொள்கிறது. நேற்று சோல் நகரிலிருந்து வந்தவர் நாளை லூயிவிலுக்குப் போவார். அடுத்த வாரம் ஹாங்காங்கில் இருப்பார். சரக்கு விமானங்கள் பெரும்பாலும் இரவில் பறப்பவை. உடலின் கடிகாரம் ஒரு நேரம் சொல்ல, ஊரின் கடிகாரம் வேறு நேரம் சொல்லும் வாழ்க்கை இது.

இவர்களுக்கு இழைக்கப்பட்ட ஓர் அநீதியை இங்கே சொல்லியாக வேண்டும். 2009இல் பயணிகள் விமானம் ஒன்று விபத்துக்குள்ளானதை அடுத்து, பைலட்டுகளின் ஓய்வு நேரத்துக்குப் புதிய கடுமையான விதிகளை அமெரிக்கா வகுத்தது. 2014 ஜனவரியில் அவை நடைமுறைக்கு வந்தன. ஆனால் செலவைக் காரணம் காட்டிச் சரக்கு விமான பைலட்டுகள் அந்த விதிகளிலிருந்து விலக்கப்பட்டார்கள். விதிகள் நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2013 ஆகஸ்டில், யூபிஎஸ் நிறுவனத்தின் சரக்கு விமானம் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் தரையிறங்கும்போது நொறுங்கி, இரண்டு பைலட்டுகளும் இறந்தார்கள். காரணங்களில் ஒன்றாகக் களைப்பையும் விசாரணைக் குழு குறிப்பிட்டது. பின்னால் பயணிகள் அமர்ந்திருந்தாலும் அட்டைப்பெட்டிகள் இருந்தாலும், முன்னால் அமர்ந்திருப்பவர் மனிதர்தானே! அவருக்கு வேண்டிய தூக்கத்தின் அளவு எப்படி மாறும்?

பயணிகள் வந்து போன காலம்

1951இல் திறக்கப்பட்ட இந்த விமான நிலையத்துக்கு முதலில் புகழ் தேடித்தந்தவர்கள் பயணிகள். பனிப்போர் நாட்களில் சோவியத் ஒன்றியம் தன் வானத்தை மேற்கத்திய விமானங்களுக்கு அடைத்தே வைத்திருந்தது. ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போக வேண்டுமானால் இந்தியா, தென்கிழக்கு ஆசியா என்று தெற்கே சுற்றிக்கொண்டு ஐம்பது மணி நேரம் போல் பயணம் செய்ய வேண்டும். ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் வேறு வழி கண்டது. 1957 பிப்ரவரி 24 அன்று கோபன்ஹேகனிலிருந்து வடதுருவம் வழியாக ஆங்கரேஜ், அங்கிருந்து டோக்கியோ என்று சேவையைத் தொடங்கியது. பயண நேரம் முப்பது சொச்சம் மணியாகச் சுருங்கியது. ஏர் பிரான்ஸ், கேஎல்எம், ஜப்பான் ஏர்லைன்ஸ் ஆகியவை அடுத்தடுத்து அதே வழியைப் பிடித்தன.

அடுத்த முப்பது ஆண்டுகள் ஆங்கரேஜ் உலகப் பயணிகளின் சந்திப்பிடம். நள்ளிரவில் இறங்கி, கால் நீட்டி நடந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் பாடம் செய்த துருவக் கரடியைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிய நினைவு அந்தத் தலைமுறைக்கு உண்டு. ஜப்பானியர்களைக் கேட்டால் அங்கே கிடைத்த சுடச்சுட உடோன் நூடுல்ஸைப் பற்றி இன்றும் சொல்வார்கள்.

அந்தக் காலத்தின் பெருந்துயரமும் ஆங்கரேஜிலிருந்து கிளம்பியதுதான். 1983 ஆகஸ்ட் 31 அன்று, நியூயார்க்கிலிருந்து வந்து ஆங்கரேஜில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு சோல் நகருக்குப் புறப்பட்ட கொரியன் ஏர்லைன்ஸ் 007 விமானம், சிறிது நேரத்திலேயே தன் பாதையிலிருந்து விலகத் தொடங்கியது. விலகல் கூடிக்கூடி, கம்சட்கா, சகலின் பகுதிகளின் மேலே சோவியத் வான்பரப்புக்குள் போய்விட்டது. உள்ளூர் நேரப்படி செப்டம்பர் 1 அன்று சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேரும் மாண்டார்கள். வழி தவறாமல் பறக்க உதவும் ஜிபிஎஸ் வசதியை, அது முழுமை பெற்றதும் உலகப் பொதுமக்கள் அனைவருக்கும் இலவசமாகத் தருவதாக அதே மாதத்தில் அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. இன்று ஆட்டோ ஓட்டுநரின் கைப்பேசியில் வழி காட்டும் வசதிக்குப் பின்னால் அந்த 269 உயிர்களும் இருக்கின்றன.

1980களின் இறுதியில் இரண்டு மாற்றங்கள் ஒருசேர வந்தன. நிற்காமல் நெடுந்தூரம் பறக்கும் போயிங் 747-400 சேவைக்கு வந்தது. கோர்பச்சேவின் ஆட்சியில் சோவியத் வானம் திறந்தது. ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு நேரடியாகவே பறக்கலாம் என்றான பிறகு ஆங்கரேஜில் யார் இறங்குவார்கள்? சில ஆண்டுகளுக்குள் சர்வதேசப் பயணிகள் கூட்டம் வற்றிப்போனது. ஊர் அத்தோடு ஓய்ந்திருக்கலாம். ஓயவிடாமல் காத்தது சரக்கு. 1989இல் பசிபிக் வழித்தடங்களில் அனுபவம் மிக்க ஃபிளையிங் டைகர் நிறுவனத்தை ஃபெட்எக்ஸ் வாங்கியது. ஆசியச் சரக்கைப் பிரித்து அனுப்பும் இடமாக ஆங்கரேஜை வளர்த்தது. யூபிஎஸ்சும் பின்தொடர்ந்தது. சீனா உலகின் தொழிற்சாலையாக எழ எழ, ஆங்கரேஜின் ஓடுபாதைகளும் நிறைந்தன.

சாம்பலும் நடுக்கமும்

வசதியான இடம் என்பதற்காக அது எளிதான இடம் ஆகிவிடாது. அலாஸ்காவில் வரலாற்றுக் காலத்தில் வெடித்த எரிமலைகளே ஐம்பதுக்கு மேல். அவற்றில் பல, ஆசியாவிலிருந்து வரும் விமானப் பாதைகளுக்கு நேர்கீழே அலூஷியன் தீவுத் தொடரில் இருக்கின்றன.

1989 டிசம்பர் 15. ஆம்ஸ்டர்டாமிலிருந்து டோக்கியோவுக்குப் போகும் வழியில் ஆங்கரேஜை நெருங்கிக்கொண்டிருந்தது கேஎல்எம் நிறுவனத்தின் 867ஆம் எண் விமானம். வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத 747-400. உள்ளே 245 பேர். ரிடவுட் எரிமலை கக்கிய சாம்பல் மேகத்துக்குள் அது நுழைந்தது. சாம்பலில் இருக்கும் சிலிக்கா, எஞ்சினின் வெப்பத்தில் உருகிக் கண்ணாடியாகப் படிந்து காற்றுவழியை அடைத்தது. நான்கு எஞ்சின்களும் அணைந்தன. பதின்மூன்றாயிரம் அடிக்கு மேல் கீழே இறங்கிய பிறகுதான் விமானிகளால் எஞ்சின்களை மறுபடி உயிர்ப்பிக்க முடிந்தது. எல்லோரும் உயிரோடு ஆங்கரேஜில் இறங்கினார்கள். பழுது பார்க்க ஆன செலவு 8 கோடி டாலர் அளவுக்கு இருந்தது. எரிமலைச் சாம்பலைக் கண்காணித்து விமானங்களை எச்சரிக்கும் மையங்கள் இன்று உலகில் ஒன்பது இருக்கின்றன. ஒன்று ஆங்கரேஜில் இயங்குகிறது.

நிலநடுக்கமும் அங்கே புதிதல்ல. 1964 மார்ச் 27 அன்று அலாஸ்காவை உலுக்கிய நடுக்கத்தின் அளவு 9.2. கருவிகள் பதிவு செய்தவற்றில் இதைவிடப் பெரியது 1960இல் சிலி நாட்டில் நிகழ்ந்தது ஒன்றுதான். ஆங்கரேஜ் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம் இடிந்து விழுந்து, பணியிலிருந்த ஊழியர் உயிரிழந்தார். 2018 நவம்பரில் 7.1 அளவில் மீண்டும் ஒரு பெரும் நடுக்கம். கோபுரத்திலிருந்தவர்கள் வெளியேற வேண்டியிருந்தது. ஆனால் விமானப் போக்குவரத்து நீண்ட நேரம் முடங்கிக் கிடக்கவில்லை.

அலூஷியன் தீவுகளை ஒட்டிய நீண்ட பாதையில் விமானத்துக்கு ஏதேனும் கோளாறு என்றால் எங்கே இறங்குவது? கோல்டு பே என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள் நூறு பேர்கூட இல்லை. ஆனால் உலகப் போர்க்காலத்தில் அமைத்த, மூன்று கிலோமீட்டருக்கும் நீளமான ஓடுபாதை அங்கே இருக்கிறது. பசிபிக்கைக் கடக்கும் பெருவிமானங்கள் ஆபத்துக் காலத்து அடைக்கலமாகக் கணக்கில் வைத்திருக்கும் ஊர்களில் அதுவும் ஒன்று.

சட்டம் தந்த சலுகை

ஒரு நாட்டுக்குள் இரண்டு ஊர்களுக்கு இடையே சரக்கு ஏற்றிச் செல்லும் உரிமை பொதுவாக அந்த நாட்டு விமான நிறுவனங்களுக்கே உண்டு. அமெரிக்காவும் இதில் கண்டிப்பானது. ஆனால் அலாஸ்காவுக்கு மட்டும் ஒரு சலுகை கிடைத்தது. ஆசியாவிலிருந்து வரும் வெளிநாட்டு விமானம், தான் கொண்டுவந்த சர்வதேசச் சரக்கை அங்கே வேறொரு விமானத்துக்கு மாற்றிவிடலாம். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போகும் சரக்கை இன்னொரு நிறுவனத்திடமிருந்து அங்கே பெற்றும் கொள்ளலாம். 1990களில் தொடங்கிய இந்தத் தளர்வு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் விரிந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் நாற்பது ஆண்டுகள் அலாஸ்காவின் செனட்டராக இருந்த டெட் ஸ்டீவன்ஸ். விமான நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. சட்டம் அனுமதித்தாலும் பெரும்பாலான விமானங்கள் இன்றும் எரிபொருளுக்காக மட்டுமே இறங்குகின்றன. இந்த உரிமையை முழுமையாகப் பயன்படுத்தக் குளிர்பதனக் கிடங்குகளும் சரக்கு மாற்றும் கூடங்களும் வேண்டும்.

பெட்டிக்குள் என்ன?

உலக வணிகச் சரக்கில் விமானத்தில் போவது எடைக் கணக்கில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மதிப்புக் கணக்கிலோ மூன்றில் ஒரு பங்கு. விலை அதிகம், எடை குறைவு, அவசரம் என்ற மூன்றில் ஏதேனும் ஒன்று இருந்தால்தான் ஒரு பொருள் விமானம் ஏறும். கைப்பேசிகள், கணினி சிப்புகள், சர்வர்கள், மருந்துகள், இயந்திர உதிரிப் பாகங்கள் ஆசியாவிலிருந்து போகின்றன. எதிர்த்திசையில் பாரம் குறைவு. ஆனால் கோடையில் வாஷிங்டன் மாநிலத்தின் செர்ரிப் பழங்கள் ஆசியச் சந்தைகளுக்குப் பறக்கின்றன. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரிலிருந்து உயிருள்ள சிங்கி இறால்கள் ஆங்கரேஜில் இளைப்பாறும் விமானத்தில் கொரியாவுக்குப் போகின்றன.

2020இல் கொரோனா தொற்று வந்தபோது இந்த வழியின் மதிப்பு உலகத்துக்கே புரிந்தது. விமானச் சரக்கில் ஏறக்குறைய பாதி, பயணிகள் விமானங்களின் அடிவயிற்றில் போவது வழக்கம். பயணிகள் விமானங்கள் நின்றதும் அந்தப் பாதியும் நின்றுபோனது. முகக்கவசமும் மருத்துவக் கருவிகளும் அவசரமாக வேண்டிய நேரத்தில் முழுப் பாரமும் சரக்கு விமானங்களின் தலையில் விழுந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி சனிக்கிழமை, விமானங்கள் ஏறி இறங்கிய எண்ணிக்கையில் உலகின் மிகப் பரபரப்பான விமான நிலையம் ஆங்கரேஜ்தான்.

பிறகு வந்தது இணையக் கடைகளின் அலை. 800 டாலருக்கு உட்பட்ட பார்சல்களுக்கு அமெரிக்காவில் இறக்குமதி வரி இல்லாமல் இருந்தது. இந்த வசதியால் ஷீன், டெமு போன்ற நிறுவனங்களின் மலிவு ஆடைகளும் விளையாட்டுப் பொருட்களும் சீனாவிலிருந்து விமானம் விமானமாகப் போயின. 2025 மே மாதம் சீனப் பொருட்களுக்கும் ஆகஸ்டில் எல்லா நாடுகளுக்கும் அந்த விலக்கு நீக்கப்பட்டது. வரி மாற்றங்களுக்கு முன் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அவசரத்தை அதே ஆண்டில் சென்னையும் கண்டது. சுமார் 600 டன் ஐஃபோன்கள் சரக்கு விமானங்களில் அமெரிக்கா அனுப்பப்பட்டதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. வாஷிங்டனில் போடும் ஒரு கையெழுத்து எந்த விமானம் எங்கிருந்து கிளம்பும் என்பதை ஒரே வாரத்தில் மாற்றிவிடுகிறது.

சாலை இல்லாத ஊர்கள்

உலகச் சரக்கு தலைக்கு மேல் பறந்துகொண்டிருக்க, அலாஸ்கா மக்களின் சொந்தச் சரக்கு வேறு விதமாகப் பயணப்படுகிறது. அந்த மாநிலத்தின் ஊர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சாலைத் தொடர்பே கிடையாது. ஆங்கரேஜ் அமைந்திருக்கும் நிலம் டெனைனா என்னும் பூர்வகுடிகளுடையது. அவர்களைப் போன்ற பல பூர்வகுடி மக்களின் சிற்றூர்கள் தொலைவில் சிதறிக் கிடக்கின்றன. அங்கே பால், மாவு, டயப்பர், மருந்து எல்லாமே விமானத்தில் வந்தாக வேண்டும். விலையும் அதற்கேற்ப ஏறிவிடும். கடைகளுக்கான மளிகைச் சாமான்களை அஞ்சல் கட்டணத்திலேயே விமானத்தில் அனுப்பும் 'பைபாஸ் மெயில்' என்ற ஏற்பாட்டை அமெரிக்க அஞ்சல் துறை அலாஸ்காவில் மட்டும் நடத்துகிறது. எவர்ட்ஸ் போன்ற உள்ளூர் நிறுவனங்கள், 1940களில் வடிவமைத்த டிசி-6 ரக விசிறி விமானங்களைக்கூட இந்த வேலைக்குப் பயன்படுத்தி வந்திருக்கின்றன. சர்வதேச ஓடுபாதைகளை ஒட்டியே லேக் ஹூட் ஏரி இருக்கிறது. நீரில் இறங்கும் சிறு விமானங்களுக்கான தளங்களில் உலகிலேயே மிகப் பரபரப்பானவற்றில் ஒன்று அது.

அடுத்த தலைமுறை விமானங்கள்

இந்த வேகத்துக்கு விலையும் இருக்கிறது. அதே ஒரு டன் சரக்கைக் கப்பலில் அனுப்புவதைவிட விமானத்தில் அனுப்பும்போது வெளியாகும் கரிப்புகை பல பத்து மடங்கு அதிகம். ஷாங்காயிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் கப்பலில் போக இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். உயிர்காக்கும் மருந்துக்கு அந்தக் காத்திருப்பு ஆகாது. நூறு ரூபாய் சட்டைக்கு ஆகும். எதை விமானத்தில் அனுப்ப வேண்டும், எதைக் கப்பலில் அனுப்பலாம் என்ற முடிவை வணிக நிறுவனங்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது. அடுத்த நாளே வீட்டுக்கு வர வேண்டும் என்று கேட்கும் வாங்குபவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆங்கரேஜின் எதிர்காலம் என்ன? பயணிகள் ஒருமுறை கைவிட்டதுபோல் சரக்கும் கைவிடுமா என்ற கவலை அந்த ஊருக்கு உண்டு. கடைசி 747 விமானம் 2023 ஜனவரி 31 அன்று அட்லஸ் ஏர் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உருவான 1,574 விமானங்களில் அது இறுதியானது. மூக்கைத் தூக்கி நீளமான சரக்கை உள்ளே விடும் அந்த விமானம் ஓய்வு பெறும்போது, அதன் இடத்துக்கு போயிங் 777-8, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றின் சரக்கு வடிவங்கள் வரவிருக்கின்றன. எரிபொருளை மிச்சப்படுத்துபவை, இரண்டே எஞ்சின் கொண்டவை. ஆனால் முழுப் பாரத்தோடு அவை பறக்கும் தூரம் என்று தயாரிப்பாளர்கள் அறிவித்திருப்பது முறையே சுமார் 8,170 கிலோமீட்டரும் 8,700 கிலோமீட்டரும்தான். ஹாங்காங்கிலிருந்து சிகாகோ 12,500 கிலோமீட்டர். முழுப் பாரம் ஏற்றிக்கொண்டு அந்த வழியில் போகும் புதிய விமானங்களும் நடுவில் எங்காவது இறங்கி நிரப்பத்தான் வேண்டும். அந்த வழியில் ஆங்கரேஜைவிட வசதியான இடம் இதுவரை அமையவில்லை.